வீட்டில் கட்டிய சிறு பாய்மரப் படகு: முதல் சோதனை முதல் இரவு தங்கும் பயணம் வரை

பன்னிரண்டு முதல் பதினாறு அடி நீளமுள்ள, ஒட்டுப்பலகையால் வீட்டிலேயே கட்டிய, ஒரே பாய் கொண்ட திறந்த படகை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். வண்ணம் காய்ந்த நாளிலிருந்து தொடங்கி, மேட்டூர் நீர்த்தேக்கத்தின் தருமபுரி மாவட்டக் கரையில், நாகமரை, ஒட்டனூர்ப் பக்கம் இரண்டு மூன்று நாள் தங்கிப் பயணம் செய்யும் நிலைக்கு அந்தப் படகைக் கொண்டுவருவது வரை வரிசையாகச் சொல்லியிருக்கிறேன்.

புதிதாக வருபவர்கள் இடறுவது பெரும்பாலும் வேலைகளின் வரிசையில்தான். நங்கூரம், விளக்கு, சாமான் பெட்டி, அடுப்பு எல்லாவற்றையும் வாங்கித் திருகி முடித்த பிறகு படகைத் தண்ணீரில் இறக்குகிறார்கள். படகு நிரம்பினாலும் அதை மூழ்கவிடாமல் தாங்கும், காற்று அடைபட்ட மிதவை அறை போதவில்லை என்று அப்போதுதான் தெரிகிறது. அது இருக்க வேண்டிய இடத்திலோ பெட்டி உட்கார்ந்திருக்கிறது. ஆகவே படகைச் சோதித்த பிறகே பொருள்களைப் பொருத்த வேண்டும். அதிலும் மிதவை முதலில் வர வேண்டும், சாமான் கடைசியில் வர வேண்டும்.

1. காலம், இடம், அனுமதி

முதல் சோதனைகளுக்குத் தை, மாசி மாதங்களின் காலைப்பொழுது ஏற்றது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் நீர்ப்பரப்பில் நண்பகலுக்குப் பிறகு வெள்ளலை எழும்; பழகாத படகுக்கும் பழகாத கைக்கும் அது தகாது. சித்திரை, வைகாசியில் காலை அமைதியாக இருந்தாலும் பிற்பகலில் இடிமழை திரளும். வெயிலில் நிற்கும்போதே குளிர்ந்த காற்று முகத்தில் பட்டால், மழை வருவதற்கு முன்பே பெருங்காற்று வந்துவிடும் என்று அறிந்து பாயை இறக்கிக் கரைக்குத் துடுப்புப் போட வேண்டும்.

அணையின் முழு மட்டம் 120 அடி. டெல்டா பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை நீர் திறக்கிறார்கள் என்பதால், வரத்துக் குறைந்த நாள்களில் மட்டம் இறங்கிக்கொண்டே வரும், கரையும் நெடுந்தூரம் பின்வாங்கும். மட்டம் வெகுவாகத் தாழ்ந்த ஆண்டுகளில் எதிர்க்கரைப் பண்ணவாடி அருகே பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் நீருக்கு வெளியே தெரிவது இப்பகுதியார் அறிந்தது. நீர் நிறைந்திருக்கும்போது சுவரும் கல்லும் மரக்கட்டையும் உங்கள் படகுக்கு அடியில் இருக்கின்றன என்பதை அதிலிருந்து நினைவில் கொள்ள வேண்டும். சுக்கான், நடுப்பலகை (காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளாதபடி அடியில் நீருக்குள் இறக்கும் பலகை), நங்கூரம் ஆகிய மூன்றையும் இதை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

புறப்படும் நாளுக்கு முன்பே நீர்வளத்துறையிடம் எழுத்து மூலமாக அனுமதி கேளுங்கள். காவல் நிலையத்துக்கும் பரிசல் துறையில் இருப்பவர்களுக்கும் தகவல் சொல்லுங்கள். ஒகேனக்கல் பக்கமாக மேலே போனால் கரையோரக் காடுகள் 2022-இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயத்தைச் சேர்ந்தவையாக இருக்கக்கூடும். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே இறங்கித் தங்கக் கூடாது. காவிரி தமிழகத்துக்குள் நுழையும் எல்லையான பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் நீர்வரத்து நாளிதழ்களில் நாள்தோறும் வருகிறது. அது ஏறுமுகமாக இருந்தால் அந்த வாரப் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

2. கரையிலேயே முடிக்க வேண்டியவை

முதலில் படகை எடை போடுங்கள். இரும்புக் கடை எடைமேடையோ, முகப்பிலும் பின்புறத்திலும் தனித்தனியே தூக்கிப் பார்க்கும் தொங்கு தராசோ போதும். மிதவைக் கணக்கு, சுமைக் கணக்கு இரண்டுக்கும் இந்த எண்தான் அடிப்படை. கட்டும்போது மனத்தில் போட்ட எடையைவிட உண்மையான எடை அநேகமாக எப்போதும் கூடுதலாகவே இருக்கும்.

அடுத்ததாக, படகை மணல் மூட்டைகளின் மேல் அடிப்பாகம் முழுவதும் தாங்குமாறு வைத்து, உள்ளே இரண்டு மூன்று விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். வெளியே கசியும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். இரண்டு முனைகளில் மட்டும் தாங்கிவைத்து நீர் ஊற்றினால் அந்த எடையே மூட்டுகளைப் பிளந்துவிடும்.

காற்றடைத்த மிதவை அறைகளுக்கு வேறு சோதனை வேண்டும். மூடியில் ஒரு குழாயைச் செருகி வாயால் ஊதுங்கள். அதற்குமேல் அழுத்தம் தேவையில்லை. மூட்டுகளில் சோப்பு நுரையைத் தடவினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வளரும். சைக்கிள் பம்பையோ பஞ்சர் கடைக் காற்றையோ இதற்குப் பயன்படுத்தினால் நல்ல அறையும் வெடித்துவிடும்.

பாய்மரத்தை வீட்டு முற்றத்திலேயே நிறுத்திப் பாயை ஏற்றுங்கள். பாயைத் தூக்கும் ஏற்றுக்கயிற்றை அவிழ்த்தவுடன், யாரும் இழுக்காமல் பாய் தன் எடையிலேயே கீழே விழ வேண்டும். பாதியில் சிக்கினால் கப்பியையோ வளையத்தையோ மாற்றுங்கள். நடுநீரில் இறங்க மறுக்கும் பாயைவிட ஆபத்தானது இந்தச் சிறு படகில் வேறெதுவும் இல்லை. மரத்தை நிறுத்தும் முன் தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அலுமினியக் குழாய் பாய்மரமாக இருந்தால், படகு இறக்கும் கரையில் மரம் நிமிர்ந்த நிலையில் படகை நகர்த்தவே கூடாது. குட்டியானை வண்டியில் ஏற்றும்போது மரத்தைக் கழற்றிப் படுக்கவைத்து, வண்டிக்குப் பின்னால் நீளும் முனையில் சிவப்புத் துணி கட்டுங்கள்.

3. பாய் இல்லாமல் துடுப்போடு

முதல் நாள் பாயையும் மரத்தையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வெறும் படகு நீரில் எப்படி உட்காருகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது, விளிம்பு நீருக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்பதைப் பார்த்து, நீர்க்கோட்டில் நிறநாடா ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு காற்றுக்கு எதிராக அரை மணி நேரம் துடுப்புப் போடுங்கள். காற்று நின்றாலும், மிஞ்சினாலும், பாய் கிழிந்தாலும் வீட்டுக்குத் திரும்பும் வழி துடுப்பு ஒன்றுதான். வெளிப்புற மோட்டார் வாங்க நினைப்பவர்களும் இதைச் செய்து பார்க்க வேண்டும். துடுப்பைத் தாங்கும் கொக்கி ஆடினாலோ, முழங்கால் இடித்தாலோ, இருக்கைப் பலகை உயரமாக இருந்தாலோ இப்போதே மாற்றிவிடுங்கள். சாமான் ஏறிய பிறகு மாற்ற இடம் இருக்காது.

4. நீர் நிரம்பிய படகு: எல்லாவற்றிலும் முதன்மையான சோதனை

இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்களே மிகுதி. புது வண்ணத்தோடு நிற்கும் படகைத் தாமே மூழ்கடிக்க மனம் வருவதில்லை. ஆனால் ஆள் உதவிக்கு வரும் இடத்தில் ஒருமுறை மூழ்கடித்துப் பார்க்காத படகை, ஆள் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

மார்பளவு ஆழத்தில், லைஃப் ஜாக்கெட் அணிந்து, ஒரு பரிசலை அருகில் நிறுத்திக்கொண்டு, மரம் இல்லாத படகை விளிம்பு வரை நீரால் நிரப்புங்கள். பிறகு அதில் வழக்கமாகப் போகும் ஆள்கள் ஏறி உட்காருங்கள். மூன்றைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, படகு மட்டமாக மிதக்கிறதா என்பது. முகப்பு மட்டும் தூக்கிக்கொண்டு பின்புறம் அமிழ்ந்தால் மிதவை தவறான இடத்தில் இருக்கிறது. தரைப்பலகைக்குக் கீழே மட்டும் மிதவை வைத்திருந்தால், நிரம்பிய படகு உருளப் பார்க்கும். இரு பக்க விளிம்புகளை ஒட்டி, இருக்கைகளுக்கு அடியில் வைத்தால் நிலையாக நிற்கும்.

இரண்டாவது, மிதவையின் அளவு. அடைபட்ட காற்று ஒரு லிட்டர் இருந்தால் அது ஏறத்தாழ ஒரு கிலோவைத் தூக்கும். 30 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம், 60 செ.மீ. நீளமுள்ள அறையின் கொள்ளளவு 72 லிட்டர். ஒட்டுப்பலகை தானாக மிதக்கும். நங்கூரம், இரும்பு, நீருக்கு மேல் உட்காரும் ஆள்கள் ஆகியவற்றின் எடையை அறைகள் தூக்க வேண்டும். ஓர் அறை ஓட்டையானாலும் மற்றவை போதுமானவையாக இருக்க வேண்டும் என்பதால், பெரிய ஓர் அறையைவிடச் சிறிய நான்கு அறைகள் மேல். அறைக்குள் மூடி இறுக்கிய காலித் தண்ணீர் பாட்டில்களை அடைத்துவைத்தால், அறை ஒழுகினாலும் மிதவை பெரிதும் குறையாது. தெர்மோகோல் வைப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: பெட்ரோலும் பாலியெஸ்டர் ரெசினும் பட்டால் அது கரைந்துவிடும், எபாக்சி அதை ஒன்றும் செய்யாது.

மூன்றாவதைத்தான் யாரும் எதிர்பார்ப்பதில்லை. நடுப்பலகை இறங்கும் கூட்டின் மேல்வாய், நிரம்பிய நிலையில் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கிறதா? அது கீழே இருந்தால், நீங்கள் வாளியால் இறைக்கும் நீர் அதே வேகத்தில் அந்த வாய் வழியாக உள்ளே வந்துகொண்டிருக்கும். எவ்வளவு நேரம் இறைத்தாலும் மட்டம் ஒரு விரல்கூட இறங்காது. கூட்டின் உயரத்தைக் கூட்ட முடியாதபோது, பலகைக்கு மட்டும் பிளவு விட்ட ரப்பர் மூடி ஒன்றைத் திருகிவைத்து, அதன் பிறகு மீண்டும் இறைத்துப் பாருங்கள்.

இறைப்பதற்குப் பெரிய வாளியே நல்லது. அதன் பிடியில் கயிறு கட்டிப் படகோடு பிணைத்திருக்க வேண்டும்.

5. கவிழ்த்து நிமிர்த்துதல்

மிதவையைத் திருத்திய பிறகு மரத்தையும் பாயையும் பொருத்தி, மரத்தின் நீளத்தைவிட ஆழமான நீரில் படகைப் பக்கவாட்டில் கவிழ்க்க வேண்டும். ஆழம் குறைந்த இடத்தில் செய்தால் மரத்தின் நுனி அடிச்சேற்றில் குத்தி நின்றுவிடும், உடைந்தும் போகும்.

கவிழ்ந்த படகு முழுவதும் தலைகீழாகிறதா என்று பாருங்கள். அப்படியானால் மரத்தின் உச்சியில் ஐந்து லிட்டர் காலிக் கேன் ஒன்றை இறுகக் கட்டி மீண்டும் முயலுங்கள். பக்கவாட்டிலேயே நின்றுவிட்டால், ஒருவர் நடுப்பலகை மேல் எடை கொடுத்து நிமிர்த்திவிடலாம்.

நிமிர்த்துவதைவிடப் பலரும் திணறுவது மீண்டும் ஏறுவதில்தான். நனைந்த உடையும் லைஃப் ஜாக்கெட்டுமாக விளிம்பைத் தாண்டி ஏறுவது இளைஞர்களுக்கே கடினம். பின்புறத்தில் நீருக்குள் முழங்கால் அளவு தொங்குமாறு ஒரு கயிற்று வளையம் கட்டி, அதில் ரப்பர் குழாயைக் கோத்துப் படியாக்குங்கள். உங்களுடன் வரப்போகும் ஒவ்வொருவரும் அதன் மூலம் தனியாக ஏறிப் பார்க்க வேண்டும். வேட்டி, லுங்கி, சேலையோடு படகில் போகக் கூடாது என்று சொல்வது இதனால்தான். நீரில் அவை காலைப் பின்னிக்கொள்ளும்.

6. மெல்லிய காற்றில் பாய்

இலை அசையும் அளவுக் காற்றில் தொடங்குங்கள். பாயை இழுத்துப் பிடிக்கும் கைக்கயிற்றை எக்காரணம் கொண்டும் கட்டிவைக்காதீர்கள். காற்று திடீரென்று அறையும்போது கயிற்றை விட்டாலே பாய் காற்றை உதறிவிடும். கட்டியிருந்தால் படகு கவிழும். கை வலிக்கிறது என்றால் கப்பி ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம்.

படகை மட்டமாக வைத்து, காற்றைப் பக்கவாட்டில் வாங்கி ஓடும்போது சுக்கான் பிடியை மெதுவாக விட்டுப் பாருங்கள். முகப்பு தானாகக் காற்றை நோக்கித் திரும்பினால் நல்லது. ஆள் விழுந்தாலும் கை வழுவினாலும் படகு காற்றுமுகமாக நின்றுவிடும். காற்றைவிட்டு விலகித் திரும்பினால் பாயின் விசை மிகவும் முன்னால் இருக்கிறது. மரத்தைச் சற்றுப் பின்னால் சாயுங்கள். காற்றை நோக்கி அளவுக்கு மீறி இழுத்து, சுக்கானை வலுவாகப் பிடிக்க வேண்டியிருந்தால் மரத்தை முன்னால் நிமிர்த்துங்கள், அல்லது நடுப்பலகையின் நுனியைச் சற்றுப் பின்னுக்குத் தூக்குங்கள். சாய்ந்து ஓடும் எந்தப் படகும் காற்றை நோக்கி இழுக்கும் என்பதால், மட்டமாக ஓடும்போது மட்டுமே இதைத் தீர்மானிக்க வேண்டும்.

அடியில் கட்டைகள் இருக்கும் நீர்த்தேக்கத்தில் சுக்கான் பலகை எதிலாவது மோதினால் மேலே மடிய வேண்டும். மடியும்போது கொக்கியிலிருந்து கழன்று மிதந்து போகாதபடி ஒரு கயிறும் கட்டியிருக்க வேண்டும்.

காலை நேரத்தில் பரிசலில் வந்து வலை எடுக்கும் மீனவர்களைப் பார்ப்பீர்கள். சிறு தெர்மோகோல் துண்டுகளும் பாட்டில்களும் வரிசையாக மிதந்தால் அதனடியில் செவுள் வலை இருக்கிறது. கரையில் விசாரித்தால் விரட்ட மாட்டார்கள். "அந்தப் பாறைக்கு இந்தாண்ட வராதீங்க தம்பி, ராத்திரி வுட்ட வலை இன்னும் எடுக்கல" என்று இடத்தோடு சொல்லிவிடுவார்கள். தவறிச் சிக்கிக்கொண்டால் நடுப்பலகையையும் சுக்கானையும் தூக்கித் துடுப்பால் விலகுங்கள். வலையை அறுக்காதீர்கள், அது ஒரு குடும்பத்தின் பிழைப்பு.

7. பாயைச் சுருக்கப் பழகுதல்

பயணப் படகின் பாயில் குறைந்தது இரண்டு சுருக்கு வரிசைகள், அதாவது பாயின் அடிப்பகுதியை மடித்துக் கட்டிப் பரப்பைக் குறைப்பதற்கான கட்டுகளின் வரிசைகள், தைத்திருக்க வேண்டும். முதலில் கரையில் நின்று, பிறகு அமைதியான நீரில், பாயை இறக்கிச் சுருக்கிக் கட்டி ஏற்றுவதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகுங்கள்.

எப்போது சுருக்குவது என்பதற்கு நீரைப் பார்த்தால் போதும். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளலை தெரிந்தால் காற்று மணிக்கு ஏறத்தாழ 12 முதல் 19 கி.மீ.; முதல் சுருக்கு அப்போதே. எங்கும் வெள்ளலையாக இருந்தால் 20 கி.மீ.-ஐத் தாண்டிவிட்டது, இரண்டாவது சுருக்கு, அல்லது கரை. சுருக்க வேண்டுமா என்ற எண்ணம் வந்தவுடன் சுருக்கிவிடுங்கள். காற்று வலுத்த பிறகு அதே வேலைக்கு இரு மடங்கு நேரமாகும்.

8. சுமையேற்றிச் சோதித்தல்

உண்மையான சாமானை ஏற்றும் முன் அதே எடைக்குத் தண்ணீர்க் கேன்களை ஏற்றி, ஆறாவது படியில் செய்ததை மீண்டும் செய்யுங்கள். முன்பு ஒட்டிய நாடா எவ்வளவு அமிழ்ந்தது என்று பாருங்கள். எடை நடுவிலும் தாழ்வாகவும் இருக்க வேண்டும். முகப்பில் சுமை ஏறினால் படகு அலையில் முகத்தைப் புதைக்கும், சுக்கானும் கனக்கும்.

நம் பக்கத்தில் கிரானைட் துண்டுகள் எளிதில் கிடைப்பதால் பலர் அவற்றையே அடிப்பாரமாகப் போடுகிறார்கள். வேண்டாம். 50 கிலோ கிரானைட் நீருக்குள் மூழ்கினாலும் ஏறத்தாழ 31 கிலோ எடையோடு படகைக் கீழே இழுக்கும். அலையில் உருண்டு பலகையையும் உடைக்கும். கேனில் உள்ள நன்னீர் அதே பாரத்தைத் தரும். ஆனால் படகு நிரம்பினால் நீருக்குள் அதற்கு எடை ஏறக்குறைய இல்லை. குடிக்கவும் ஆகும்.

சுமையோடு ஒருமுறை நான்காவது சோதனையையும் செய்துவிடுங்கள். அப்போது எது மிதந்து வெளியே போகிறதோ, அதைக் கட்ட இடம் இல்லை என்று தெரிந்துவிடும்.

9. இனிப் பொருத்துதல்

நங்கூரம்: சேற்றில் மடக்கு நங்கூரம் சரியாகப் பிடிப்பதில்லை, கட்டையிலோ சிக்கினால் வருவதில்லை. அகன்ற இதழ் உள்ளதாக நான்கைந்து கிலோவில் வாங்குங்கள். அதை அடுத்து இரண்டு மீட்டர் சங்கிலி, பிறகு நைலான் கயிறு. கயிற்றின் நீளம் ஆழத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு. ஐந்து மீட்டர் ஆழத்துக்கு 25 முதல் 35 மீட்டர். குறைவாக விட்டால் இழுப்பு மேல்நோக்கி அமைந்து நங்கூரம் பிடுங்கிக்கொள்ளும். மூழ்கிய மரமும் சுவரும் உள்ள இந்த நீரில், நங்கூரத்தின் தலைப்பகுதியில் தனிக் கயிறு கட்டி அதன் நுனியில் மிதவை விடுங்கள். நங்கூரம் சிக்கிக்கொண்டால் அந்தக் கயிற்றை எதிர்ப்பக்கமாக இழுத்து விடுவிக்கலாம்.

கயிறுகள்: நங்கூரத்துக்கு நைலான், ஏனெனில் அது நீண்டு கொடுத்து அதிர்ச்சியைத் தாங்கும். பாய்க்குப் பாலியெஸ்டர், ஏனெனில் அது நீளாது. மாடு கட்டும் மலிவான பிளாஸ்டிக் கயிறு வெயிலில் மொரமொரத்து நூல் நூலாகப் பிரியும்.

சாமான்: இரண்டு நீர்ப்புகாப் பைகளுக்கு மேல் வேண்டியதில்லை. எல்லாவற்றையும் படகோடு கட்டுங்கள். குடிநீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். நீர்ப்பரப்பில் வெயில் மேலிருந்தும் கீழிருந்தும் அடிக்கும். கேஸ் அடுப்பைப் படகில் எரிக்காதீர்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் அடிப்பலகையில் தேங்கி நிற்கும். கரையில் சமைக்கலாம், அல்லது புளிச்சோறு கட்டிக்கொள்ளலாம்.

உடலோடு இருக்க வேண்டியவை: லைஃப் ஜாக்கெட், அதில் கட்டிய விசில், நீர்ப்புகா உறையில் கைபேசி, ஒரு கத்தி. இவை பையில் இருந்தால் இல்லாததற்குச் சமம். கவிழும்போது உங்களிடம் இருப்பது உடலில் உள்ளது மட்டுமே. வனப்பகுதியில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள், எந்நேரத்துக்கு மேல் தேட வேண்டும் என்று வீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

10. முதல் இரவு

முதல் இரவை, நடந்தே ஊருக்குப் போகக்கூடிய கரையில் தங்குங்கள். கதிரவன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஒதுங்கிவிட வேண்டும். இரவில் பாய் விரிக்காதீர்கள். பரிசல்களில் விளக்கு இருப்பதில்லை, வலைகளும் தெரியாது. நங்கூரமிட்ட படகில் எல்லாத் திசையிலும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்று எரியட்டும்.

காவிரியின் இப்பகுதியில் முதலைகள் உண்டு, கோடையில் யானைகள் நீர் குடிக்க இறங்கும். நீர் விளிம்பில் படுக்காதீர்கள், யானைத்தடம் தெரியும் இடத்தில் கூடாரம் அடிக்காதீர்கள், இருட்டில் நீருக்குள் இறங்கிப் பாத்திரம் கழுவாதீர்கள்.

மட்டம் இறங்கும் நாள்களில், மாலையில் மிதந்த படகு காலையில் சேற்றில் உட்கார்ந்திருக்கலாம். நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவைத்து, படுக்கும் முன் ஒருமுறை பாருங்கள். விலகியிருந்தால் படகை இன்னும் ஆழத்துக்குத் தள்ளி நங்கூரமிடுங்கள்.

திரும்பி வந்ததும் மிதவை அறைகளின் மூடிகளைத் திறந்து, உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் அந்த அறையை நுரை வைத்து மீண்டும் சோதிக்க வேண்டும். நன்னீர் உப்புநீரைவிட விரைவாகப் பலகையை அழுகச்செய்யும்; இந்தியத் தரக் குறியீடான ஐ.எஸ். 710-க்கு உட்பட்ட மரைன் பிளையும் (படகுக்கான ஒட்டுப்பலகை) இதற்கு விலக்கில்லை. படகை நிழலில் சற்றுச் சாய்த்து, எல்லா மூடிகளும் திறந்தபடி, காற்றோட்டமாகக் காயவையுங்கள். அடுத்த பயணத்துக்கு முந்தைய நாள் மட்டும் மூடினால் போதும்.